உலகம் படைக்கப்பட்டது எதற்காக? சீறாப்புராணமும் தேம்பாவணியும் காட்டும் இரு பார்வைகள்

உலகத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு; அதைப் படைத்தவன் ஒருவன்; மனிதனுக்கு ஒரே ஒரு பிறவிதான்; இறந்தபின் கணக்குக் கேட்கப்படும். இந்த நான்கு கருத்துகளிலும் இஸ்லாமும் கிறித்தவமும் உடன்படுகின்றன. அதனால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். வகுப்பில் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வியும் அதுதான்: "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" ஆம் என்று சொல்லிவிட்டால் பாடத்தை முடித்துவிடலாம். ஆனால் அந்த உலகம் எதற்காகப் படைக்கப்பட்டது, அதில் மனிதனுக்கு நேர்ந்த கோளாறு என்ன, அது எப்படிச் சரியாகும் என்று கேட்டால் இரு சமயங்களும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

இந்த வேறுபாட்டைத் தமிழ் நூல்களைக் கொண்டே அறிந்துகொள்ள முடியும் என்பது நமக்குக் கிடைத்த வசதி. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கம்பராமாயண மரபைப் பின்பற்றி, இரு சமயங்களுக்கும் தமிழில் பெருங்காப்பியங்கள் தோன்றின. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி உமறுப் புலவர் சீறாப்புராணத்தை இயற்றினார். 1726இல் வீரமாமுனிவர் தேம்பாவணியை நிறைவு செய்தார்.

பொதுவான எதிர்வாதம்

காப்பியங்களுக்கு முன் நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி (1577–1656) என்ற இயேசு சபைத் துறவி 1606இல் மதுரைக்கு வந்தார். காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். 1623இல் அவர் மதுரையை விட்டு வடக்கே பயணம் செய்து, திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலத்தை அடைந்தார். அங்கு ஆட்சி செய்த இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். பின்னர் சேலத்துக்கும் வந்தார். கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்ப்பெயர்களில் நாயக்கர் காலம் இன்றும் எதிரொலிக்கும் இந்தச் சமவெளியில், உலகத்தின் தொடக்கமும் முடிவும் பற்றிய கிறித்தவ வாதம் ஒலிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

நொபிலி எதிர்கொண்ட முதல் தடை மறுபிறப்புக் கொள்கை. உலகம் தோன்றி ஒடுங்கி மீண்டும் தோன்றுவது. உயிர் வினைக்கேற்பப் பிறவிகளில் சுழல்வது. அச்சுழலிலிருந்து விடுபடுவதே வீடு. இந்தப் பின்னணியில் 'உலகத்தின் நோக்கம்' என்ற கேள்விக்கே அதிக இடமில்லை. சக்கரம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நொபிலி 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று மறுபிறப்பை மறுப்பதற்காகவே ஒரு நூல் எழுதினார். 'ஆத்தும நிர்ணயம்' என்ற அவருடைய நூல் ஆன்மாவின் இயல்பை ஆராய்கிறது.

கடற்கரை ஊர்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த தமிழ் முஸ்லிம்கள் அதே கருத்தை ஆரவாரமின்றி வேறு வழியில் நிலைநாட்டியிருந்தார்கள். 'இம்மை', 'மறுமை' என்ற இரண்டு பழந்தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொண்டு, முன்னதை அரபியின் 'துன்யா'வுக்கும் பின்னதை 'ஆகிரத்'துக்கும் நேராக வைத்தார்கள். சங்க காலம் முதல் வழங்கிய 'மறுமை', அடுத்த பிறவியையும் குறிக்கும் சொல்லாக இருந்தது. முஸ்லிம்கள் வழக்கில் அது தீர்ப்பு நாளுக்குப் பின் வரும் முடிவற்ற வாழ்வை மட்டுமே குறிக்கிறது. சொல் அதே சொல்தான். அதற்குள் இருந்த காலக்கணக்கு மட்டும் மாறிவிட்டது.

கிறித்தவர்களுக்கு இதே வேலை அவ்வளவு எளிதாக அமையவில்லை. ஆதாமின் பாவம் மனித குலம் முழுவதையும் பற்றியிருக்கிறது என்ற கோட்பாட்டைக் கத்தோலிக்கர் 'சென்மப் பாவம்' என்று தமிழில் குறித்தனர். தமிழ்க் காதுக்கு அது போன பிறவியில் செய்த பாவம் என்றும் கேட்கும். மறுபிறவியை மறுக்க வந்தவர்களின் கலைச்சொல்லே கேட்பவரை மறுபிறவியை நினைக்க வைத்தது!

இரண்டு நாட்டுப் படலங்கள்

உமறுப் புலவர் எட்டயபுரத்தோடு தொடர்புடையவர். கடிகைமுத்துப் புலவரின் மாணவர். அவரை ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. வள்ளலின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்ற மூன்று காண்டங்களில், 5027 பாடல்களில் நபிகள் நாயகத்தின் வரலாறு கூறப்படுகிறது.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் இயேசு அல்லர். அவரை வளர்த்த சூசையப்பர். அவருக்கு முனிவர் சூட்டிய தமிழ்ப்பெயர் வளன். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ஆகிர்தா ஊர் மரியா என்ற கன்னித்துறவியின் நூல் இக்காப்பியத்துக்கு முதன்மையான மூலம்.

இரண்டு காப்பியங்களும் நாட்டுப் படலத்தோடு விரிகின்றன. அரபு நாட்டில் மலைமேல் மேகம் படிகிறது, மழை பொழிகிறது, வெள்ளம் நிலங்களைக் கடந்து வயலில் பாய்கிறது, உழவர் நாற்று நடுகிறார்கள். யூதேயாவிலும் அவ்வாறே. இரண்டு பாலை நிலங்களும் காவிரிக் கரையாகிவிட்டன. திறனாய்வாளர் சிலர் இதை வெறும் காப்பிய மரபு என்று ஒதுக்குவர். எனக்கு அது போதாது என்றே தோன்றுகிறது. உலகம் மாயை என்றோ, உடல் சிறை என்றோ இரு சமயங்களும் கருதியிருந்தால் இந்த வளத்தை இத்தனை பாடல்களில் கொண்டாடியிருக்க வேண்டியதில்லை. படைப்பு நல்லது என்பது விவிலியத்தின் முதல் அதிகாரமே திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. வானமும் பூமியும் விளையாட்டாகப் படைக்கப்படவில்லை என்று குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அறிவிக்கிறது. மழை, விதை, இரவு பகல் மாறி வருதல் ஆகிய அனைத்தும் அதன்படி 'ஆயத்'துகள், அதாவது அடையாளங்கள். குர்ஆனின் வசனத்துக்கும் பெயர் 'ஆயத்' என்பது நினைவில் வைக்கத்தக்கது. உலகமும் ஒரு வேதம் போலப் படிக்கப்பட வேண்டியது.

தோட்டத்தில் நடந்தது

பிரிவு தொடங்கும் இடம் ஆதாமின் கதை. ஆதாம், ஏவாள் (முஸ்லிம்களுக்கு ஆதம், ஹவ்வா), விலக்கப்பட்ட மரம், வெளியேற்றம் ஆகியவை இரு வேதங்களிலும் உள்ளன. ஆனால் கதையின் வரிசையைக் கவனிக்க வேண்டும்.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில், ஆதம் தவறு செய்வதற்கு முன்பே, பூமியில் ஒரு 'கலீஃபா'வை, அதாவது பிரதிநிதியை, ஏற்படுத்தப் போவதாக இறைவன் வானவர்களிடம் அறிவிக்கிறான். இரத்தம் சிந்திக் குழப்பம் செய்பவனையா அங்கே வைப்பாய் என்று வானவர்கள் தயங்கிக் கேட்கிறார்கள். எனவே மனிதன் பூமிக்கு வந்தது தண்டனையால் மட்டும் அன்று. பூமிதான் அவனுக்கு முதலிலேயே குறிக்கப்பட்ட இடம். தவறு நேர்ந்தபின் ஆதம் மன்னிப்புக் கேட்கிறார், மன்னிக்கவும் படுகிறார். கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. அடுத்த தலைமுறைக்கு அது கடனாக வருவதில்லை. மனிதனின் குறை மறதியும் அலட்சியமும் ஆகும். மறந்தவனுக்குத் தேவை நினைவூட்டல்; அதற்காகவே நபிமார்கள் வரிசையாக அனுப்பப்பட்டார்கள். மனிதரும் ஜின்களும் படைக்கப்பட்டது இறைவனை வணங்குவதற்கே என்றும், உங்களில் நற்செயல் புரிபவர் யார் என்று சோதிப்பதற்காகவே வாழ்வும் சாவும் படைக்கப்பட்டன என்றும் குர்ஆன் கூறுகிறது. உலகம் ஒரு தேர்வுக்கூடம் என்று சொல்லலாம். ஆசிரியனாக இருந்த எனக்கு இந்த உவமைதான் முதலில் வருகிறது. ஆனால் வினாத்தாளும் விடைக்குறிப்பும் முன்கூட்டியே கையில் தரப்பட்ட தேர்வு அது.

கிறித்தவத்தில் வரிசை வேறு. கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்து, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார். உழைப்பு பாவத்துக்கு முன்பே இருந்தது. பலர் இதைக் கவனிப்பதில்லை. பாவத்துக்குப் பிறகு நிலமே சபிக்கப்பட்டது. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில், படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் இருப்பது போலத் தவிக்கிறது என்ற பொருளில் எழுதுகிறார். ஆதலால் மனிதனின் குறை வெறும் மறதி அன்று. அவனால் தானே சரிசெய்துகொள்ள முடியாத ஒரு முறிவு. நினைவூட்டுபவர் போதாது, மீட்பவர் வேண்டும். முறிந்த கைக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை அல்லவா? மீட்புக்காகக் கடவுளே உலகத்துக்குள் வருகிறார். உலகத்தின் நோக்கம் கடவுளோடு பிள்ளைகளாக ஒன்றிணைவது என்றும், அந்த நோக்கத்துக்கு உலகம் திருப்பிக் கொண்டுவரப்பட வேண்டும் என்றும் கிறித்தவம் கூறுகிறது.

எது சரி என்பதை இக்கட்டுரை ஆராயவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். மனிதன் வழி மறந்தவனா, கால் முறிந்தவனா என்ற ஒரே கேள்வியில்தான் இரு சமயங்களின் மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் வேர்கொண்டிருக்கின்றன. இயேசு தீர்க்கதரிசியா கடவுளின் மகனா என்ற நெடுங்கால வாதமும் இதிலிருந்து தனித்து நிற்பதில்லை.

அவதாரம் என்ற சொல்

சீறாப்புராணத்தில் 'நபி அவதாரப் படலம்' என்று ஒரு படலம் உண்டு. இறைவன் மனித உருவில் இறங்குவதை இஸ்லாம் கடுமையாக மறுக்கும். உமறு இச்சொல்லைப் பிறப்பு என்ற அளவிலேயே, தமிழ்க் காப்பிய மரியாதைக்காகப் பயன்படுத்தினார். கிறித்தவர்களோ 'மனித அவதாரம்' என்று கூறும்போது, கடவுள் மெய்யாகவே மனிதரானார் என்று பொருள்கொள்கிறார்கள். ஆனால் பத்து முறை அன்று, ஒரே ஒரு முறை. ஆக, வைணவர் வழங்கிய ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்ட ஒருவர் அதன் 'இறங்குதல்' என்ற பொருளை விட்டார். மற்றவர் அதன் 'மீண்டும் மீண்டும்' என்ற பொருளை விட்டார்.

இன்னொரு எதிர்பாராத ஒற்றுமையும் இங்கே உண்டு. சீறாவின் தலைமுறைப் படலத்தில் நபிகளின் ஒளி ஆதம் முதல் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. அந்த ஒளியே முதலில் படைக்கப்பட்டது, உலகம் அதன்பொருட்டே தோன்றியது என்பது சூஃபி மரபில் வேரூன்றிய நம்பிக்கை. கிறித்தவத்தில் எல்லாம் கிறிஸ்து வழியாகவும் அவருக்காகவும் படைக்கப்பட்டன என்பது கொலோசையர் திருமுகத்தின் கருத்து. ஆதாம் பாவமே செய்யாதிருந்தாலும் கடவுள் மனிதராகியிருப்பார் என்று இடைக்கால இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் வாதிட்டார். அதாவது உலகம் ஒருவர்பொருட்டுப் படைக்கப்பட்டது என்ற எண்ணம் இரு பக்கமும் இருந்திருக்கிறது. ஆனால் கிறித்தவத்தில் இது வேதநூலிலேயே உள்ள மையக் கருத்து. இஸ்லாத்தில் இதற்குக் காட்டப்படும் நபிமொழிகளின் நம்பகத்தன்மையை ஹதீஸ் அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. இன்றைய தவ்ஹீத் இயக்கத்தார் முற்றிலும் மறுக்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது.

இரண்டு இடப்பெயர்வுகள்

இரு காப்பியங்களிலும் துன்புறுத்தலுக்குத் தப்பி ஊரை விட்டுச் செல்லும் நிகழ்ச்சி உண்டு. தேம்பாவணியில் ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பி, வளன் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். அங்கே தச்சுத் தொழில் செய்து வாழ்ந்து, பிறகு திரும்புகிறார். சீறாவில் மக்கத்துக் குறைஷிகளின் சதிக்குத் தப்பி நபிகள் நாயகம் மதீனாவுக்குச் செல்கிறார். இது கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்.

முதலாவது ஒரு குடும்பத்தின் மறைவான பயணம். அதில் அரசு இல்லை, சட்டம் இல்லை. கடவுள் குழந்தையாக உலகத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார். இரண்டாவது ஒரு சமுதாயத்தின் தோற்றம். மதீனாவில் பள்ளிவாசல் எழுகிறது, உடன்படிக்கைகள் அமைகின்றன, வணிகத்துக்கும் போருக்கும் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் நெறிகள் வருகின்றன. உலகம் ஏழைக்கு உரியதைக் கொடுத்து நேர்மையாக நடத்தப்பட வேண்டிய ஒப்படைப்பு (அமானத்) என்ற இஸ்லாமியக் கருத்து இங்கே நடைமுறையாகிறது. சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் என்பது இந்தப் பார்வையின் கணக்கு வடிவம். சீறாவின் தலைவர் கதீஜா அம்மையாரின் சரக்கோடு ஷாம் நாட்டுக்குச் சென்று வந்த வணிகர் என்பதையும், காப்பியத்தை ஆதரித்தவர்கள் கடல் வணிகர்களான மரைக்காயர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். வணிகம் அங்கே இழிவன்று, வழிபாட்டின் பகுதி. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. ஞாயிறு ஓய்வு கிறித்தவர்களுக்கு உரியது. ஆறு நாளில் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்கிறது விவிலியம். ஆறு நாளில் படைத்தோம், களைப்பு எம்மைத் தீண்டவில்லை என்ற பொருளில் குர்ஆன் பேசுகிறது.

நாட்காட்டிகளும் இதையே காட்டுகின்றன. கிறித்தவர் ஆண்டுக்கணக்கைக் கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து தொடங்கினர். முஸ்லிம்கள் நபிகளின் பிறப்பிலிருந்தோ முதல் வஹீ இறங்கிய நாளிலிருந்தோ தொடங்கவில்லை. கலீஃபா உமர் காலத்தில் ஹிஜ்ரத் ஆண்டையே தேர்ந்தார்கள்.

உலகை வெறுக்கச் சொன்னார்களா?

'இஸ்லாம் உலகியல் சமயம், கிறித்தவம் துறவுச் சமயம்' என்று சில பாடக் குறிப்புகளில் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். இது தவறு. இரு பக்கமும் இரண்டு குரல்கள் உண்டு.

கிறித்தவ வேதத்தில் கடவுள் உலகத்தின்மேல் அன்புகூர்ந்தார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. உலகத்தின்மேல் அன்புகூராதீர் என்று யோவானின் முதல் திருமுகம் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஒன்று கடவுள் படைத்த உலகம், மற்றது கடவுளை மறந்து தானே இயங்க முயலும் உலகம். எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை (1827–1900) ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அதில் உலகம் கடந்து செல்ல வேண்டிய வழியாகவே காட்டப்படுகிறது. ஆனால் அவருக்கு முன் வாழ்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியில் கோள்களையும் கண்டங்களையும் பற்றிய அக்காலப் புதிய அறிவை மகிழ்ச்சியோடு பாடியிருக்கிறார். படைப்பை அறிவது படைத்தவரைப் புகழ்வது என்பது அவர் நம்பிக்கை.

குர்ஆனும் 'துன்யா' வாழ்க்கையை வீணும் விளையாட்டும் என்கிறது. வானமும் பூமியும் விளையாட்டுக்காகப் படைக்கப்படவில்லை என்று முன்பு கண்டோமே, அது முரண்பாடு ஆகாதா? ஆகாது. படைப்பு வேறு, மறுமையை மறந்த வாழ்க்கை வேறு. 'துன்யா' என்ற சொல்லின் வேரில் 'அண்மையில் உள்ளது' என்ற பொருள் இருக்கிறது. கண்ணருகே பிடித்த காசு மலையை மறைத்துவிடும். தொண்டிக்கு அருகில் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீட்டையும் பொருளையும் விட்டுச் சென்னையில் தவவாழ்வு வாழ்ந்தார். தாயுமானவரின் சாயல் அவர் பாடல்களில் உண்டு. அவரைப் போற்றி இந்துப் புலவர்களே நூல் இயற்றினார்கள். சரவணப்பெருமாள் ஐயரின் நான்மணிமாலை அவற்றுள் ஒன்று. இஸ்லாத்தில் துறவறம் இல்லை என்று பொதுவாகச் சொல்லும்போது இவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பூமி யாருடையது?

1967இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட், இன்றைய சுற்றுச்சூழல் நெருக்கடிக்கு மேற்கத்தியக் கிறித்தவமே வேர் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் குற்றம் சாட்டினார். பூமியைக் கீழ்ப்படுத்துங்கள் என்று தொடக்கநூலில் வருவதை அவர் சுட்டினார். 2015 ஜூனில் போப் பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், அந்த வாசகத்துக்கு எல்லையற்ற ஆதிக்கம் என்று பொருள்கொள்வது பிழை என்று மறுத்தது. பண்படுத்தவும் காக்கவும் என்ற அடுத்த அதிகாரத்தோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் காலநிலை மாற்றம் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மனிதன் பூமியின் உரிமையாளன் அல்லன், கலீஃபா என்பது அதன் அடிப்படை. போப்பின் மடலில் அலி அல்கவ்வாஸ் என்ற சூஃபியின் கருத்து அடிக்குறிப்பில் எடுத்தாளப்பட்டிருப்பது பலர் அறியாத செய்தி. சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் தோண்டிய பள்ளங்களைப் பார்த்து வளர்ந்த மாணவர்களுக்கு 'மலை யாருக்காகப் படைக்கப்பட்டது' என்பது ஏட்டுக் கேள்வி அன்று.

முடிவு நாள்

உலகின் முடிவிலும் இரு சமயங்களும் சந்தித்துப் பிரிகின்றன. இயேசு மீண்டும் வருவார் என்று இருவருமே எதிர்பார்க்கிறார்கள். நபிமொழிகளின்படி ஈசா நபி இறங்கி வந்து தஜ்ஜாலை அழித்து நீதியை நிலைநாட்டுவார். பின்னர் எல்லா மனிதரையும் போல இறப்பார். அதன்பின்னரே தீர்ப்பு நாள். அன்று நீதி வழங்குபவன் இறைவன் மட்டுமே. கிறித்தவத்தில் திரும்பி வரும் இயேசுவே நீதிபதி. விவிலியத்தின் இறுதி நூலில் மனிதர் வானுக்கு ஏறிச் செல்வதாக மட்டும் இல்லை. புதிய நகரம் வானிலிருந்து புதிய பூமிக்கு இறங்கி வருகிறது. குர்ஆனின் சுவர்க்கமோ நீரோடைகள் ஓடும் தோட்டம். ஒரு வேதம் தோட்டத்தில் தொடங்கி நகரத்தில் முடிகிறது. மற்றதில் தோட்டத்திலிருந்து வந்தவன் தேர்ச்சி பெற்றுத் தோட்டத்துக்கே திரும்புகிறான்.

தேம்பாவணி வளனின் மறைவோடு நிற்காமல், விண்ணுலகில் அவர் முடிசூட்டப்படுவதில் நிறைவடைகிறது. சீறாப்புராணம் மறுமைக்குப் போகவில்லை. நபிகளின் மறைவு வரைகூடச் செல்லவில்லை. மதீனா வாழ்க்கையின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. இதற்குக் கொள்கைக் காரணம் தேட வேண்டாம். காப்பியம் முற்றுப்பெறவில்லை, அவ்வளவுதான். எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் 1732இல் 'சின்னச் சீறா' என்ற பெயரில் பாடி முடித்தார்.